சக்கரப்பட்டையில் வெறும் சேறு

டாங்கியின் சக்கரத்தில் சேறு பூசலாம், ரத்தம் மட்டும் பூசக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வராதா? எங்கள் ஊரில் பொம்மை மாதிரிகள் செய்வோரின் சங்கத்தில் அப்படி ஒரு விதி உண்டு.

அந்தச் சங்கத்தில் ஒருவரான கண்ணாடிக்காரர் அதை மீறியதே இல்லை. பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பார். வீடு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கையகல டாங்கிகள் செய்வார். துரு, கீறல், சேறு எல்லாம் நிஜம் போலவே இருக்கும். அலமாரி நிறையப் பரிசுக் கோப்பைகள்.

அலமாரியைத் தூசி தட்டுவது அவருடைய அண்ணி. பிழைக்கப் போன நாட்டில் போர் மூள, கணவரைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாகத் திரும்பியவர். அண்ணன் எப்படிச் செத்தார் என்று கண்ணாடிக்காரர் கேட்டதே இல்லை. கேட்டால் அண்ணியின் மனம் நோகுமாம். அவர் கண்ணெதிரே வருடக்கணக்கில் டாங்கி செய்தால் மட்டும் நோகாது போலிருக்கிறது.

ஒருநாள் துணியும் கையுமாக நின்ற அண்ணி கேட்டார்: “தம்பி, சக்கரத்துல வெறும் சேறுதான் ஒட்டுமா?”

“ஈர மண்ணுல போனா அப்படித்தான் அண்ணி.”

“உங்க அண்ணன் பால் வாங்கப் போனது தார் ரோடு. அங்கயும் ஒட்டியிருந்துச்சு. சட்டையை வச்சுத்தான் அவருன்னு கண்டுபிடிச்சேன்.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு, “அதையே செய்யட்டுமா அண்ணி?” என்றார்.

“செய்ங்க. பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்.”

செய்தார். ஒரு தெரு, டாங்கி, நசுங்கிய பால் பாத்திரம், நீலக் கட்டம் போட்ட சட்டையில் அண்ணன். கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது சங்கச் செயலாளர் முகம் சுளித்தார்.

“பிள்ளைங்க வர்ற இடம்ப்பா. ரத்தம் கித்தமெல்லாம் வேணாமே.”

“டாங்கிய மட்டும் பிள்ளைங்க பாக்கலாமா?”

செயலாளர் ஒரு மூலை மேசையைக் காட்டினார். ஆனால் கூட்டம் அங்கேதான் மொய்த்தது. ஒருவர் குனிந்து பார்த்து, “யப்பா, அசல் ரத்தம் மாதிரியே இருக்கே. எப்படி சார் பண்ணீங்க?” என்றார்.

கண்ணாடிக்காரரின் வாய் முந்திக்கொண்டது. “சிவப்புல துளி பழுப்பு. காஞ்சதும் மேல ஒரு கோட் வார்னிஷ். அப்பதான் ஈரமா தெரியும்.” சொல்லும்போது முகத்தில் பூரிப்பு வேறு.

பின்னால் அண்ணி நின்றிருந்தார். “சொல்லுங்க தம்பி. ஆசையா கேக்குறாங்கல்ல.”

கண்ணாடிக்காரருக்கு வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது. அண்ணனின் ரத்தத்துக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்த வாய் அது. கூட்டத்தில் இன்னொருவர், சட்டையின் கட்டத்தை எந்தத் தூரிகையால் போட்டார் என்று கேட்டார்.

“அது எங்க அண்ணன்,” என்றார் கண்ணாடிக்காரர். “பால் வாங்கப் போனாரு.”

கேட்டவர் நிமிர்ந்தார், மெல்ல நழுவினார். கூட்டமும் கலைந்தது. செயலாளர் ஒரு துணியோடு வந்து, “வீட்டு விஷயத்தை இங்க எதுக்குப்பா?” என்று தெருவை மூடினார். அண்ணி அந்தத் துணியை எடுத்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். மாலைவரை தரவில்லை.

போரை மறைத்துக் காட்டுவது பொய். காட்டிவிட்டு வர்ணத்தைப் பற்றிப் பேசுவது அதைவிடக் கேவலம். அடுத்த முறை இப்படியொரு மேசை முன் குனியும்போது, எந்தப் பெயின்ட் என்று கேட்காதீர்கள். கீழே கிடப்பவர் யார் என்று கேளுங்கள்.