நோட்டு நனைந்த நாள்

இலங்கையில் சண்டை நின்றிருந்த வருஷம் அது. எஹலியகொடைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கனடாவிலிருந்து பத்து நாள் சபை ஊழியத்துக்கு வந்த இளைஞர்களில் அவனும் ஒருவன். நெட்டையானவன், வெயிலில் காதெல்லாம் சிவந்திருக்கும். யார் ஜெபிக்கச் சொன்னாலும் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, எழுதி வைத்ததை ஆங்கிலத்தில் வாசிப்பான். ஞாயிறு பள்ளி டீச்சரான நான் அதைத் தமிழில் சொல்வேன்.

ஆறாம் நாள் மழையில் நோட்டு நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோனது. அன்றுதான் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அக்கா, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த தன் மகளுக்காக ஜெபிக்கச் சொன்னார். அவன் வெறும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கண்களை மூடினான்.

"ஆண்டவரே, நீர் கேட்கிறீரா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் தெரிந்ததுபோல வாசித்தேன். இந்தப் பிள்ளையைச் சுகமாக்கும்."

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கடைசியில் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அப்படித்தாங்க தம்பி இருக்கு. வாங்க, ரெண்டு பேருமா கேப்போம்."

இருவரும் அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் ஜெபித்தார்கள். நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

கனடாக்காரர்கள் புறப்பட்ட காலையில் பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்திருந்தாள். லயமே சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது நம்புகிறாயா என்று அவனிடம் கேட்டேன்.

"அன்றைக்கே நம்பிவிட்டேன்" என்றான், அவளைத் தோளில் தூக்கியபடி.

பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிற நான், அவ்வளவு உண்மையாக இன்னும் ஒருமுறைகூட ஜெபித்ததில்லை.