தொட்டு நோய்

என் அக்காவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். பள்ளி வேனில் நான் டிரைவர், அவள் ஆயா. பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி இறக்குவதுதான் வேலை. அதை ஏதோ மந்திரி உத்தியோகம் மாதிரி செய்வாள். யாருக்குப் பல் ஆடுகிறது, யார் கணக்கில் கோட்டை விட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்பது வருடமாக அவள் வாயை நான் பூட்டி வைத்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் சாகும்போது அவளுக்கு எச்.ஐ.வி.யைக் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் மாத்திரை போடுகிறாள். என்னைவிடத் தெம்பாக இருக்கிறாள். ஆனாலும் வெளியே தெரிந்தால் எந்தப் பிள்ளை அவள் கையைப் பிடிக்கும்? அந்தக் கைகள் விலகினால் அவள் ஒடிந்துபோவாள்.

அன்று பள்ளியில் எய்ட்ஸ் பற்றிக் கூட்டம். மாலை வேன் முழுக்க அதே பேச்சு. எட்டாம் வகுப்புக் கும்பல் அந்தப் பேரைச் சொல்வதும் வாயைப் பொத்திச் சிரிப்பதுமாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கெட்டிக்காரி, எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மூன்றாம் வகுப்புக் குட்டி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது தொட்டு நோய், ஆயாம்மா. தொட்டா வந்துடும். எங்க கிளாஸ்ல ஒருத்தி இருமினா, அவளை யாருமே தொடல."

மிஸ் சொன்ன தொற்று நோய், குட்டியின் காதில் தொட்டு நோயாக விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

"அந்தப் பொண்ணு நாள் முழுக்கத் தனியாவா இருந்தா?"

குட்டி தலையாட்டினாள்.

"தொட்டா வராதுடி கண்ணு. அந்தக் கிருமி ஒன்பது வருஷமா என் உடம்புல இருக்கு."

நான் போட்ட பிரேக்கில் புத்தகப் பைகள் உருண்டன. "உனக்கென்னக்கா பைத்தியமா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா."

முதல் நிறுத்தத்தில் அக்கா எப்போதும்போலக் கீழே நின்று கையை நீட்டினாள். கெட்டிக்காரி கம்பியைப் பிடித்துக் குதித்தாள். எட்டாம் வகுப்பும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னாலேயே குதித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கெட்டிக்காரி நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையாம்!

குட்டி படியில் நின்று யோசித்தாள். "மாத்திரை கசக்குமா?"

"டக்குனு முழுங்கிட்டா தெரியாது."

"நான் தினமும்தானே உங்களைத் தொடறேன்? எனக்கு வரலியே. மிஸ்தான் தப்பா சொல்லிட்டாங்க." கையைப் பிடித்து இறங்கிப் போனாள்.

அக்கா கதவைச் சாத்தப் போனாள். பத்தடி தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த கெட்டிக்காரி திரும்பி வந்தாள். மறுபடி வேனுக்குள் ஏறினாள்.

"என்னடி, எதையாவது விட்டுட்டியா?"

"ஆமா ஆயாம்மா." முகம் சிவந்து, கையை நீட்டினாள். அக்கா பிடித்து இறக்கிவிட்டாள்.

நாலு வருடம் ஆகிறது. அக்கா இன்னும் அந்த வேனில்தான் இருக்கிறாள். அவள் வாயைப் பூட்டி வைத்ததை நினைத்தால் எனக்கு வெட்கம். அவளை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.