ப்ரொடக்‌ஷன் கார்

எங்கள் குவார்ட்டர்ஸில் ப்ரொடக்‌ஷன் என்றால் சுரங்கத்தில் வெட்டிய கரிதான். அன்று நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே வேகமான ப்ரொடக்‌ஷன் காரைத் தயாரிக்கக் கம்பெனிகள் போட்டி போடுவதை மகள் செல்போனில் படித்துக் காட்டினாள். சுரங்கத்தில் ராட்சத இயந்திரம் ஓட்டும் என் கணவர் சிரித்தார்.

“எங்க ப்ரொடக்‌ஷன் டிபார்ட்மென்ட் ஜீப்பா? ஆமைகூட முந்திடும்.”

“ஐயோ அப்பா! ஷோரூம்ல யார் வேணா வாங்கற மாதிரி தயாரிச்சா அது ப்ரொடக்‌ஷன் கார்.”

“சரி, அந்த வேகத்துல ஒரு ஷிப்ட் முழுக்க ஓடுமா?”

“கொஞ்ச நேரத்துலயே டேங்க் காலியாயிடும்பா.”

“அப்புறம் என்ன ப்ரொடக்‌ஷன்?”

மெக்கானிக்கல் படிக்கும் மகள் விடவில்லை. “ஷிப்ட் முழுக்க ஓடற மாதிரி நான் செய்யறேன், பாருங்க.”

அவர் தன் தட்டிலிருந்த முறுகல் தோசையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். வார்த்துப் போட்ட எனக்கு ஒருநாளும் ஒரு விள்ளல்கூட வைத்ததில்லை.