குதிரையும் விசையும் கவ்வும் இடம்

அரம் பிடித்தால் இரும்புக்கு முந்தி விரல்தான் தேயும். வீட்டிலிருந்தே கைவேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்த காலத்தில் ஆவூரில் எங்கள் வீட்டுக்குத் திருச்சியிலிருந்து துப்பாக்கிச் சாமான் வரும். விசையை இழுத்தால், தோட்டாவைத் தட்டுகிற சுத்தியான குதிரை விழ வேண்டும். அந்த இரண்டும் ஒன்றையொன்று கவ்வுகிற இடத்தை அரத்தால் ராவிப் பொருத்தித் தருவது என் வீட்டுக்காரர் வேலை.

அம்மிக் கை

அவர் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை கூடும்வரை வேலை நின்றால், சாமான் கொண்டுவருகிற மேஸ்திரி அதை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பிறகு அது நம் வாசலுக்குத் திரும்பாது. பிள்ளைகள் மூன்றும் அப்போது சிறுசுகள். நான் ராவுகிறேன் என்றேன். சிரித்தார். நான் அரத்தைக் கீழே வைக்கவில்லை. கடைசியில், மேஸ்திரிக்கு மட்டும் தெரியக் கூடாது என்றார்.

முதல் நாளே புது அரத்தின் பல்லை மழுக்கிவிட்டேன். போகும்போதும் வரும்போதும் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "தள்ளும்போது அழுத்து, வரும்போது தூக்கு. நீ என்ன மொளகாயா அரைக்கிறே?"

விளக்குக் கரி

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குதிரையில் தடவி, விசையோடு சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். கரி ஒட்டுகிற இடம் மேடு. அங்கே மட்டும் ஒரு தள்ளு, மறுபடி கரி. நெற்றி வியர்வையையும் அந்தக் கையால்தான் துடைப்பேன். ஒரு ஞாயிறு நேரமாகிவிட்டதென்று அப்படியே மாதா கோயில் பூசைக்கு ஓடி முழங்காலில் நின்றேன். பக்கத்து வீட்டுச் சவரியாயி என் நெற்றியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "ஏக்கா, விபூதிப் புதன் ஒனக்கு மட்டும் முந்தி வந்துருச்சா?"

வேண்டுதல்

ஒவ்வொன்றையும் முடித்ததும் அதன்மேல் சிலுவை வரைவேன். இது யார் பெற்ற பிள்ளைக்கு எதிரே நிற்குமோ என்று நினைத்தால் அரம் ஓடாது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. மாதாவே, இதால் யாருக்கும் சாவு வர வேண்டாம் என்று வாய்விட்டே வேண்டினேன். கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சொன்னார்: "நல்லா வேண்டிக்க. மேஸ்திரி இழுத்துப் பாக்கையில குதிரை விழணும்னும் சேத்து வேண்டிக்க."

புளி

மேஸ்திரி வருவதற்கு முதல் நாள் அவர் கட்டு மாற்ற இலுப்பூர் போயிருந்தார். முடித்த சாமானைக் கரியும் எண்ணெயுமாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நமக்குப் பாத்திரம் தேய்த்த புத்தி எங்கே போகும்? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து முறத்தில் காயவைத்தேன். வெள்ளியாக மின்னியது. விடிந்து பார்த்தால் முறம் முழுக்கச் செந்துரு.

மறுபடி ராவினால் பொருத்தம் தளர்ந்துபோகும். எண்ணெய்த் துணியால் மட்டும், செபமாலை சொல்லிக்கொண்டே துடைத்தேன். அடுப்பு மூட்டவில்லை, பிள்ளைகள் பழைய சோறு தின்றார்கள். சாயங்காலம் மேஸ்திரி வந்தார். வீட்டுக்காரர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததில் குதிரைகள் விழுந்தன. இரண்டு தளர்வு என்று ஒதுக்கினார். பிறகு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், புளி வாசனை வருகிறதே என்றார். வீட்டுக்காரர் தலை குனிந்தார். ராவினது நான்தான், கையைப் பாருங்கள் என்று நீட்டினேன். பார்த்தார். புதுச் சாமான் மூட்டையை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "வேலை சரியாத்தான் இருக்கு தங்கச்சி. புளியை மட்டும் கொழம்போட நிறுத்திக்கங்க."

கை கூடியதும் அவர் தன் அரத்தைக் கேட்டார். நான் மேஸ்திரியிடம் இன்னொரு அரம் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஆனால் அம்மிக்கு இன்னொரு ஆள் கேட்டு வாங்க இன்றுவரை முடியவில்லை.