சஷ்டியும் புது மாத்திரையும்

டெக்சஸில் நாங்கள் இருக்கும் பேர்லேண்டில் காரை விட்டு இறங்காமலே மருந்து வாங்கலாம். பர்கர் வாங்குவதுபோல ஜன்னலோரம் காரை நிறுத்தினால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருவர் மைக்கில் நம் நோயை விசாரிப்பார். பின்னால் நிற்கும் காருக்கும் அது கேட்கும். சென்ற ஐப்பசியில் சர்க்கரைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த புது மாத்திரையை வாங்கப் போனேன். நரைத்த தாடி வைத்த மருந்தாளர், சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, "டூ யூ எவர் ஸ்கிப் மீல்ஸ்?" என்று கேட்டார். "நெவர்!" என்றேன், சற்றுப் பெருமையாகவே. வேளாவேளைக்குச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான். இரண்டு வாரத்தில் கந்த சஷ்டி. ஆறு நாளும் பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும். ஆனால் அதைப் போய் சாப்பாட்டைத் தவறவிடுவது என்று எந்தத் தமிழச்சி நினைப்பாள்? ஆபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் அது ஸ்கிப். முருகனுக்காக இருந்தால் விரதம். கோவில்பட்டியில் எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியாக இருந்தால், மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே, "சஷ்டி வருதுல்லா, விரதம் இருப்பீகளே, டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்று அவரே சொல்லியிருப்பார். இந்த மனிதரும் கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார். பாவம், அவருக்குச் சஷ்டி தெரியாது.

எனக்கு அந்த விரதம் சாதாரணமில்லை. கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. நான் இங்கேயும் என் தங்கை வள்ளி ஊரிலுமாக, எனக்காகச் சேர்ந்து விரதம் இருக்கத் தொடங்கினோம். மறு வருடமே யாழினி பிறந்தாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. ஒரு சஷ்டியைக்கூட நாங்கள் இருவரும் விட்டதில்லை.

மாத்திரை ஆரம்பித்த முதல் சில நாள் பதினோரு மணிக்கே அகோரப் பசி, லேசான தலைசுற்றல். பிறகு உடம்பு பழகிவிட்டது. விரலில் குத்திப் பார்க்கும் எண் இறங்க இறங்க எனக்குத் தலைகால் புரியவில்லை. சஷ்டி வந்தபோதும் மாத்திரையை நிறுத்தவில்லை. மருந்துக்கு ஏது விரதம் என்று வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினேன். டாக்டர் பேச்சையும் மீறவில்லை, முருகனையும் விடவில்லை என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை யாழினியைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சன்னதியில் தீபாராதனை காட்டும்போது கைகள் நடுங்கின. உடம்பெல்லாம் வியர்த்தது. கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடம் கழித்து முருகன் என்னிடம் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற கோமதி ஆன்ட்டிக்கும் சந்தேகமே இல்லை. "அருள் வந்துருச்சு!" என்று கும்பிட்டு, என் காதருகே வந்து, "தாயே, என் பையனுக்கு கிரீன் கார்டு எப்ப வரும், சொல்லும்மா" என்றார். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு குழறியது.

யாழினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, திஸ் இஸ் நாட் அருள்! யுவர் சுகர் இஸ் லோ!" என்று கத்தியபடி, ஆன்ட்டி கையிலிருந்த பஞ்சாமிர்தத்தை வாங்கி என் வாயில் ஊட்டினாள். பிறகு என் பையிலிருந்த மீட்டரில் குத்திப் பார்த்து எண்ணைக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

"சாரிம்மா, நான் வேற கிரீன் கார்டு கேட்டுட்டேன்" என்றார் ஆன்ட்டி. எல்லோரும் சிரித்தோம். ஆனால் கார் நிறுத்தத்துக்கு வந்து, யாழினி சாவியை வாங்கிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. இதே நடுக்கம் அரை மணி நேரம் முன்னால் ஃப்ரீவேயில் வந்திருந்தால்? எந்தக் குழந்தைக்காக விரதம் தொடங்கினேனோ, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தல்லவா ஓட்டி வந்தேன். அன்று வீடு வரும்வரை அழுதேன்.

மறுநாள் டாக்டரைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இந்த மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, அடுத்த வருடம் விரதத்துக்கு முன்பே வாருங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்றார். நான் யோசிக்கவே இல்லை. அன்று காலையே இட்லி சாப்பிட்டேன். கொடுத்த பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாவிட்டால்தான் முருகனுக்குக் கோபம் வரும்.

ஆறாம் நாள், இங்கே விடியும் முன்பே எழுந்து திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரத்தைப் போனில் பார்த்தேன். அங்கே மாலை. முடிந்து சற்று நேரத்தில் வள்ளி கடற்கரையிலிருந்து கூப்பிட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் கத்திப் பேசினாள். "அக்கா, கடல்ல முங்கிட்டு வந்துட்டேன். இப்பதான் சாப்பிட உக்காருதேன். நீ?"

என் முன்னால் தட்டில் இட்லி ஆவி பறந்துகொண்டிருந்தது. எதிரே யாழினி, மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நானும் இப்பதான் உக்காருறேன் வள்ளி" என்றேன்.

கிட்டத்தட்டப் பத்தாயிரம் மைல் தள்ளி இருவரும் ஒரே நேரத்தில் முதல் வாய் எடுத்து வைத்தோம். டாக்டரிடம் ஒரே போனில் எல்லாம் சொல்ல முடிந்த நான், மூன்றாம் நாளே விரதத்தை விட்டதை என் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.