தோடு ஏற மூன்று மாதம்

நேற்று காலை என் மகள் துர்கா வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். இரண்டிலும் முகம் இல்லை. வெறும் காது! முதல் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாவதைப் பார்த்து... அழுதேன். காதைப் பார்த்து யாராவது அழுவார்களா? என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார்.

கதை பரிசத்தன்று ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேரி தீவிலிருந்து ஒரு சின்ன வெல்வெட் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே சிவப்புக் கல் தோடு. அவர் மருமகளாகப் போனபோது அவருடைய மாமியார் கொடுத்ததாம். தாலி ஏறும்போது துர்கா இதைத்தான் போட்டிருக்க வேண்டும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்திருந்த ஐம்பது பேரிடமும் பெட்டியைத் திறந்து திறந்து காட்டினேன்.

விருந்தாளிகள் போன பிறகுதான் தோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காலத்துத் தோடு. தண்டு தீக்குச்சி தடிமனுக்கு இருந்தது. துர்காவுக்கோ ஷாப்பிங் மாலில் துப்பாக்கி வைத்து 'டப்'பென்று குத்திய காது. அந்த ஓட்டையில் ஊசி நுழையும். தீக்குச்சி நுழையுமா?

என் வீட்டுக்காரர் நல்ல யோசனைதான் சொன்னார். பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், தண்டை மட்டும் இளைத்துத் தரச் சொல்லலாம், அரை நாள் வேலை என்றார். நான் எகிறிவிட்டேன். சம்பந்தி ஆசையாகக் கொடுத்த நகையில் கை வைப்பதா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் யார் கேட்டுக்கொள்வது? "சரி, அவங்ககிட்டயே ஒரு வார்த்த கேட்டுடேன்" என்றார். அது அதைவிட மோசம். 'உங்கள் தோடு என் பெண்ணுக்கு ஏறவில்லை' என்று எந்த அம்மாவாவது வாய்விட்டுச் சொல்வாளா?

ஆக, நகையைத் தொடக் கூடாது, சம்பந்தியைக் கேட்கக் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது? பெற்ற பெண்ணின் காது!

மறுநாளே துர்காவைக் கண்ணாடி முன் உட்காரவைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். தண்டை வைத்துத் திருகினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன், இன்னொரு திருகு. இடது காதில் ரத்தம் வந்தது. இரண்டு நாளில் காது மடல் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். துர்கா அதன் பிறகு என்னை அவள் காதுப் பக்கமே விடவில்லை. விக்கியைத் தேடிப் பிடித்தது அவள்தான்.

விக்கிக்குப் பூச்சோங்கில் ஒரு மாடியில் கடை. காது குத்துவது, பச்சை குத்துவது. முப்பது வயது இருக்கும். கை முழுக்க டாட்டூ. இரண்டு காதிலும் என் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதில் கண்ணாடி வளையம். வேறு எங்காவது பார்த்திருந்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கும் இறுக்கித்தான் பிடித்திருந்தேன்.

அவன் கை கழுவி, கையுறை போட்டு, துர்காவின் காதைத் தொடாமலே முதலில் டார்ச் அடித்துப் பார்த்தான். தோட்டின் தண்டை ஒரு கருவியால் அளந்தான். இரண்டு மில்லிமீட்டர். காதில் இருக்கிற ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. யார் இந்த வேலை பார்த்தது என்று கேட்டான். துர்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்தேன்.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. வலிச்சா நிறுத்திடணும். வலிக்க வலிக்க தள்ளினா காது பெருசாகல லா, கிழியுது."

முதலில் புண் முழுசாக ஆற வேண்டும், மூன்று வாரம் எதுவும் செய்யக் கூடாது என்றான். ஆறிய பிறகு ஒரு சைஸ், ஒரே ஒரு சைஸ் மட்டும் ஏற்றலாம். வெந்நீரில் குளித்துத் தோல் இளகியதும், சுத்தமான கையால், கொஞ்சம் எண்ணெய் தொட்டு. நல்ல ஸ்டீல் அல்லது கண்ணாடி மட்டும், பிளாஸ்டிக் ஆகாது. அப்புறம் குறைந்தது நான்கு வாரம் சும்மா விட வேண்டும். உப்பு நீரில் கழுவலாம், மெல்ல நீவிவிடலாம். எரிந்தாலோ சிவந்தாலோ பின்பக்கம் தோல் பிதுங்கினாலோ உடனே பழைய சைஸுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்குவதில் வெட்கமில்லை என்றான். தன் காது இந்த அளவுக்கு வர நான்கு வருஷம் ஆனதாம். நடுவில் இரண்டு முறை இறங்கியிருக்கிறானாம்.

நான் விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். கல்யாணத்தன்று துர்காவின் காது ஒரு மில்லிமீட்டரில் நிற்கும். தோடு பெட்டியில் நிற்கும். நான் மணவறையில் சம்பந்தி முன்னால் நிற்பேன்! கூடக் காசு தருகிறேன், சீக்கிரம் முடிக்க முடியாதா என்று கேட்டேன். அவன் சிரித்தான். காதுக்குக் கல்யாணத் தேதி தெரியாது என்றான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு மறுபடி கிறுக்குப் பிடித்தது. புண்தான் ஆறிவிட்டதே, ஒரே ஒரு தடவை முயற்சி செய்தால் என்ன? எண்ணெய்க் கிண்ணத்தோடு துர்காவின் அறைக்குப் போனேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாள். இருபத்தேழு வயதுப் பெண். நான் கிண்ணத்தை அடுப்படியில் வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து கேரி தீவு ஒன்றும் தூரமில்லை. ஆனால் அன்றைக்குச் சாலையோரச் செம்பனைத் தோட்டங்கள் முடியவே இல்லை. வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். போய் உட்கார்ந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்து, தோடு ஏறவில்லை, நான் அவள் காதைப் புண்ணாக்கிவிட்டேன் என்று கடகடவென்று கொட்டிவிட்டேன்.

சம்பந்தி தன் இடது காதுத் தோட்டைக் கழற்றினார். அந்தப் பக்கம் அவர் போட்டிருந்தது கிளிப். இத்தனை நாளும் நான் கவனிக்கவே இல்லை. அடியில் மடலின் நடுவே கோடு போட்ட மாதிரி ஒரு தழும்பு. தையல் போட்டது.

"என் கல்யாணத்தன்னிக்கு காலைல, துர்காவுக்கு குடுத்தேனே, அதே கல்லுத் தோட்டத்தான் அமுக்கி அமுக்கி போட்டுவிட்டாங்க. தாலி ஏறுறப்போ கழுத்தெல்லாம் ரத்தம். குங்குமம்னு நெனச்சுக்கிட்டாங்க."

அப்புறம் ஏன் இதை என் பெண்ணுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"அன்னிக்கு கழட்டினதுதான் சம்பந்தி, நான் போட்டதே இல்ல. யாராச்சும் போட்டு பாக்கணும்னு ஆச. தண்டு ஞாபகமே வரல."

தண்டை இளைப்பதானாலும் தனக்கு ஒன்றுமில்லை, காது ஆறி ஏறுகிற வரைக்கும் காத்திருப்பதானாலும் ஒன்றுமில்லை, துர்காவைக் கேளுங்கள் என்றார். ஐந்து வாரமாக நான் பயந்து செத்த விஷயம் ஒரு கிளாஸ் மைலோ குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து துர்காவைக் கேட்டேன். ஆரம்பித்ததை முடிக்கிறேன், ஆனால் என் வேகத்தில் என்றாள். கல்யாணத்தன்று மெல்லிய கம்பித் தோடு போட்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐம்பது பேரிடம் பெட்டியைக் காட்டினேனே... ஒருவருக்குக்கூட நினைவில்லை!

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று வந்த முதல் படத்தில் துர்காவின் காதில் அந்தச் சிவப்புக் கல் தோடு. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் தானாக நுழைந்ததாம்.

இரண்டாவது படத்தில் இருந்தது துர்காவின் காது இல்லை. நரைத்த முடியை ஒதுக்கிவிட்ட வேறொரு காது. பழைய தழும்புக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு ஸ்டீல் பொட்டு. டாக்டரிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் விக்கி குத்தினானாம். கீழே சம்பந்தி குரலில் ஒரு பதிவு.

"நானும் ஆரம்பிச்சுட்டேன் சம்பந்தி. இது முழுசா ஆறவே ஒரு வருஷம் ஆகும்னு தம்பி சொல்றாரு. அதுக்கு அப்புறம்தான் சைஸாம். எனக்கு என்ன அவசரம்?"

இந்தக் கதையில் அவசரம் எனக்கு மட்டும்தான் இருந்தது. காதோ துர்காவுடையது.