ஒட்டகம் என்று பேர் வாங்கியவன்

வலி முதலில் வந்தது லைனில்தான். காலை ஷிப்டில் ஒரு காரின் கதவைத் தூக்கி மாட்டும்போது, வலது விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடைவரை இறங்கியது. வாயு என்று நினைத்து இடைவேளையில் ஒரு சோடா குடித்தேன். அன்றைக்கு நான் குடித்த ஒரே நீர் அதுதான்.

ஒரகடத்துக் கார் தொழிற்சாலை ஒன்றில் நான் ஒப்பந்தத் தொழிலாளி. சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் (நம் இடத்தில் நிற்கும் மாற்றாள்) வந்த பிறகுதான் நகரலாம். அதுவரை லைன் லீடர் பார்க்கும் பார்வைக்குப் போகாமலே இருந்துவிடலாம். எனவே தண்ணீர் குடிப்பதையே விட்டேன். "ஒட்டகம்டா நீ" என்று முதுகில் தட்டினார் லீடர். பெர்மனென்ட் ஆக்கும்போது இதையெல்லாம் பார்ப்பார்கள் என்று நம்பி, அந்தப் பெயரை மெடல்போல மாட்டிக்கொண்டு திரிந்த முட்டாள் நான்.

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள் மனைவி செல்வி. அவள் அண்ணன் விடவில்லை. "ஓசி ஆஸ்பத்திரில போயி படுத்துக்கினு... கம்பெனில வேல செய்றவன் மாரியா கீது மாப்ள?"

ஆகவே தனியார் மருத்துவமனை. வரவேற்பில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையின் நாடாவைப் பார்த்தார். பெர்மனென்ட் ஆட்களுக்கு நீலம், எங்களுக்கு மஞ்சள். "மஞ்சளுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் வராது சார்." காய்ச்சலின் அளவை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

ஸ்கேனில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் வெளியேற வழியின்றித் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவது) என்று வந்தது. சிறுநீர்க் குழாயில் கல், உள்ளே சீழ். "கிட்னிய எடுத்துடலாம். இன்னொண்ணு இருக்குல்ல" என்றார் மருத்துவர், செருப்பில் ஒன்று தொலைந்தவனிடம் பேசுவதுபோல. எடுப்பதற்குப் பேக்கேஜ் இருந்தது. காப்பாற்றுவதற்கு இல்லை போலும்.

வெளியே வந்து செல்வி ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். "கிட்னி வேணுமா, மரியாத வேணுமா உனுக்கு?"

அரசு மருத்துவமனை வாசலில், அந்தக் காய்ச்சலிலும், நாடாவைக் கழற்றிப் பையில் செருகினேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் பேன்ட் பையிலிருந்தும் ஒரு நாடா எட்டிப் பார்த்தது. நீல நாடா.

உள்ளே இளம் பெண் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தார். "ஷிப்டுல எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"குடிக்க மாட்டேன் மேடம். என்ன ஒட்டகம்னு சொல்லுவாங்க."

"ஒட்டகம் ஒண்ணுக்குப் போறதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காதுங்க" என்றார், சிரிக்காமல். "எடுக்க வேணாம். மொதல்ல அடைப்புக்கு வழி பண்ணுவோம். கிட்னி பொழைக்குதான்னு பாப்போம்."

அன்றே ஸ்டென்ட் (கல்லைத் தாண்டிச் சிறுநீரை இறக்கும் மெல்லிய குழாய்) வைத்தார்கள்.

வார்டில் மின்விசிறி ஓடவில்லை. கழிவறையில் நிற்க முடியவில்லை. மறைக்க மாட்டேன். போட வேண்டிய பணத்தை அங்கே போடாமல் விட்டுவிட்டு, பிறகு நாறுகிறது என்று மூக்கைப் பிடிப்பவர்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மச்சான் ஆரஞ்சுடன் வந்தார், மூக்கில் கைக்குட்டை. "ஆனாலும் அரசாங்கம் எதுக்கு எல்லாத்தையும் ஓசில குடுக்கணும் மாப்ள?"

"கம்பெனி வாசல் வரிக்கும் ரோடு போட்டுக் குடுத்தாங்களே மச்சான், அது இன்னா? அவனுக்குக் குடுத்தா சலுகை, எனுக்குக் குடுத்தா ஓசியா? நீ பென்னலூர் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சியே, அதுக்கு எவ்ளோ கட்டுன?"

மச்சான் ஆரஞ்சை உரிப்பதில் மும்முரமானார்.

கல்லை எடுத்துச் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். "வேல செய்யுது" என்றார் மருத்துவர். செல்வி அங்கேயே அழுதாள்.

நீங்களும் லைனில் நிற்பவரானால் ஒன்று சொல்கிறேன்: குடியுங்கள். முன்பு நகர்ந்து போகும் கார்களை எண்ணித்தான் பொழுதைத் தெரிந்துகொள்வேன். இப்போது தண்ணீர் பாட்டில்தான் என் கடிகாரம்.

"இன்னா ஒட்டகம், மறுபடியுமா? பெர்மனென்ட் லிஸ்டுல பேரு போய்டும்டா" என்கிறார் லீடர்.

"போவட்டும்ணே."

ரிலீவர் வரும்வரை கை தூக்கியபடியே இருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே ஒன்று யாரையும் கேட்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்காக நிற்கிறேன், கையை இறக்குவதில்லை.